இறக்கி வைக்காத நிழல்

அந்த வருஷம் ஐப்பசி கார்த்திகையில் பெய்து முடித்திருக்க வேண்டிய மழை மார்கழிக் கடைசி வரைக்கும் இழுத்துக்கொண்டு கிடந்து, பாத்திகளெல்லாம் குளமாகி, குளத்தில் கொக்கும் நாரையும் குடியேறி, ஒருவழியாகத் தை பிறந்து வெயில் உறைத்து, தண்ணீர் வடிந்து களிமண் கண்ணுக்குத் தெரிந்த பிறகுதான், தூத்துக்குடிக்குத் தெற்கே கடலுக்கும் உடைமரக் காட்டுக்கும் நடுவில் கிடக்கிற அந்த உப்பளத்தில் நிழல்கள் வேறு வேலை பார்க்கத் தொடங்கின.

முதலில் பார்த்தது தாரிகாதான். அவளுக்கு நாலு வயசு. எண் ஜோதிடம் பார்த்து வைத்த அந்தப் பெயரில் என்ன குறையோ, பிறந்ததிலிருந்து இரண்டு கால்களிலும் வலுவில்லை. மற்றப் பிள்ளைகள் ஓடிப்போய் வானத்தையும் கடலையும் லாரியையும் பார்த்தபோது அவள் வரப்பின் மேல் விரித்த சாக்கில் உட்கார்ந்து தரையைப் பார்த்தாள். தரையில் எது நடந்தாலும் அவளுக்குத் தெரியாமல் நடக்காது.

"எம்மா, ஒன் நெழலு கம்பு மேல நடக்கு," என்றாள்.

பிரம்மசக்தி தலையில் சேற்றுக்கூடையோடு வரப்பேறிக்கொண்டிருந்தாள். குனிந்து பார்த்தால் பிள்ளை சொன்னது வாஸ்தவம். கூடை சுமக்கிறவள் அவள். அவள் நிழலோ கூடையுமில்லாமல் சும்மாடுமில்லாமல், நீண்ட மரம் ஒன்றின் மேல் முன்னும் பின்னும் நடந்துகொண்டிருந்தது. அது முன்னே நடந்தால் மரத்தின் ஒரு முனை தாழ்ந்தது, பின்னே நடந்தால் அதே முனையில் ஒரு சால் தண்ணீர் எழும்பிக் கவிழ்ந்தது. யாரோ எப்போதோ ஏற்றம் மிதித்து இறைத்த தண்ணீர். பிரம்மசக்தி அதை ஒரு நொடி பார்த்துவிட்டு, சேறு ஒழுகிக் கழுத்துக்குள் இறங்கியதால் மேலே ஏறிக் கூடையைக் கவிழ்த்துவிட்டு வந்தாள். வந்து பார்க்கையில் நிழல் இன்னும் இறைத்துக்கொண்டுதான் இருந்தது.

அன்றைக்கே அளம் முழுக்கத் தெரிந்துவிட்டது. காலை நிழலில் ஒரு மாற்றமும் இல்லை. உச்சி வெயிலில் நிழல் காலடியில் சுருண்டு அவரவராகவே கிடந்தது. பொழுது மேற்கே சாயச் சாய, நிழல் கடலைப் பார்த்து நீள நீள, அது பழசாகிக்கொண்டே போனது. பொழுது நாலு பனை உயரத்தில் நிற்கையில் நிழல்கள் ராட்டை சுற்றின, செக்கோட்டின, ஓலையில் எழுத்தாணி பிடித்து எழுதின. மூன்று பனை உயரத்தில் பாய்மரக் கயிறு இழுத்தன, துருத்தி ஊதி இரும்பு உருக்கின, சக்கரம் சுழற்றிப் பானை எடுத்தன. இரண்டு பனை உயரத்தில் குழி தோண்டி விதை போட்டுவிட்டு அது முளைக்கிறதா என்று குந்தியிருந்து பார்த்தன. அதற்கும் கீழே பொழுது இறங்கினால் கல்லோடு கல்லைத் தட்டின, இரண்டு உள்ளங்கைக்கு நடுவில் குச்சியைக் கடைந்தன, கடைந்த இடத்தில் ஒரு பொட்டு நெருப்பை எடுத்து ஊதின. நிழலுக்குள் நெருப்பு எப்படித் தெரியும் என்று கேட்கலாம். அந்த ஒரு பொட்டு இடம் மட்டும் வெயிலாக இருந்தது.

ஜனங்கள் மூன்றாம் நாளே பழகிக்கொண்டார்கள். நிழல் வேலை பார்க்கிறதே என்று உப்பளத்து வேலை நிற்குமா. சாயங்காலமானால் அடுத்தவர் நிழலை மிதிக்காமல் ஒதுங்கிப் போவது, பானை வனைகிற நிழலுக்குக் குறுக்கே கூடையை வைக்காமல் இருப்பது, நெருப்புக் கடைகிற நிழலின் பக்கத்தில் தண்ணீர் சிந்தாமல் பார்த்துக்கொள்வது என்று சில மரியாதைகள் தாமாகவே உண்டாயின. நிழல் பார்க்கிற சாக்கில் வேலை கெடக்கூடாது என்று ஆள்விட்டுச் சொன்ன முதலாளி, அடுத்த ஞாயிற்றுக்கிழமை குடும்பத்தோடு காரில் வந்து இறங்கினார். தன் நிழல் ஆட்டுத்தோல் சுரண்டுவதைப் பார்த்துவிட்டு வந்த வழியே ஏறிப் போனார்.

டீக்கடை லாடமுத்து மட்டும், எங்கள் வம்சம் கப்பல் வைத்திருந்த வம்சம், என் நிழலைப் பாருங்கள், பாய்மரம் பிடித்து நிற்கிறது என்று ஒருநாள் முழுக்கச் சொல்லிக்கொண்டிருந்தார். மறுநாள் அந்தப் பாய்மரம் லாரி கழுவுகிற பையன் நிழலுக்குப் போய்விட்டது. லாடமுத்துவின் நிழல் வரிசையாக நாலு பேருக்குச் சவரம் செய்தது. இன்று எனக்கு விழுந்தது நாளை உனக்கு விழும் என்று ஆனபிறகு வம்சப் பேச்சு எடுக்க ஆளில்லை. யாராவது வாய் தவறி எடுத்தால், சாயங்காலம் வரட்டும் பாத்துக்கிடுவோம் என்பார்கள், அவ்வளவுதான்.

நாளுக்கு நாள் மாறாத நிழல் இரண்டே இரண்டு. ஒன்று கங்காணி நம்பிராஜனுடையது. அது எந்தக் காலத்தில் பார்த்தாலும் கையைத் தலைக்கு வைத்து உறங்கிக்கொண்டிருந்தது. இரும்பு உருக்கும்போதும் உறக்கம், விதை போடும்போதும் உறக்கம். "அண்ணாச்சி அப்பமே கங்காணிதான் போலிருக்கு," என்று கூட வேலை பார்க்கிற முத்துப்பேச்சி சொல்ல, பாத்தி முழுக்கச் சிரித்தது. ஒருநாள் பொழுது மிகவும் தாழ்ந்து, மற்ற நிழல்களெல்லாம் அவற்றின் ராத்திரிக்குப் படுத்துவிட்ட நேரத்தில், கங்காணியின் நிழல் எழுந்து உட்கார்ந்தது. அந்தப் பொட்டு நெருப்பைத் தன் பக்கம் இழுத்து வைத்துக்கொண்டு, ஒரு கம்பை மடியில் கிடத்தி, இருட்டைப் பார்த்து விழித்திருந்தது. எத்தனை ஆயிரம் வருஷம் எத்தனை பேர் அந்த முதுகுக்குப் பின்னால் நிம்மதியாகத் தூங்கியிருப்பார்களோ, யாருக்கும் கேலி பேச வாய் வரவில்லை. மறுநாளிலிருந்து டீ வந்தால் முதல் கிளாஸ் அவருக்குப் போனது. அவரும், இதெல்லாம் தனக்கு முந்தியே தெரியும் என்பதுபோல வாங்கிக் குடித்தார்.

மாறாத இன்னொரு நிழல் தாரிகாவுடையது. பொழுது நாலு பனையில் நின்றாலும் இரண்டு பனையில் நின்றாலும் அது நடக்க மாட்டாத ஒரு பிள்ளையின் நிழலாகவே விழுந்தது. ஆனால் அது தனியாக இல்லை. நாலு பனை உயரத்தில் ஒரு தச்சன் நிழல் அதன் கக்கத்துக்கு அளவு பார்த்துக் கவட்டைக் கோல் செதுக்கியது. மூன்றில் ஒரு கிழவியின் நிழல் இலையை அரைத்து முழங்காலில் பூசியது. இரண்டில் யாரோ இரண்டு குச்சிகளைக் காலின் இரு பக்கமும் வைத்து மரப்பட்டை நாரால் சுற்றிக் கட்டிக்கொண்டிருந்தார்கள். கட்டு நழுவியது, அவிழ்த்தார்கள், மறுபடி கட்டினார்கள்.

அந்தக் குச்சிக்கட்டைப் பார்த்த அன்று பிரம்மசக்தி கிட்டப் போய்க் குனிந்து பார்த்தாள். அவள் வீட்டுத் தகரப்பெட்டியில் அதே கட்டு இருந்தது. அரசு ஆஸ்பத்திரியில் அளவெடுத்துக் கொடுத்த இரும்புக் கம்பியும் தோல் வாரும் சேர்ந்த காலிப்பர் அது. தினமும் மாட்டி நிறுத்திப் பழக்கணும், நடந்தாலும் நடக்கும், உறுதி சொல்ல முடியாது என்றார் டாக்டர். வார் உராய்ந்து பிள்ளை அழுததில், பழக்க நேரமில்லாததில், அது பெட்டிக்குள் போய்விட்டது.

அளத்துப் பள்ளிக்கூடத்து எமிலி டீச்சர் வந்தது அந்த வாரத்தில்தான். அளவுகோலும் நோட்டுமாக வந்து நிழலின் நீளத்தை எடுத்தார், பொழுதின் உயரத்தை எடுத்தார், எந்த நீளத்துக்கு எந்தக் காலம் என்று கணக்குப் போட்டுக்கொண்டே போனவர் சட்டென்று நின்றார். அவருடைய நிழலும் தரையில் ஒரு குச்சியை நட்டுவைத்து, அந்தக் குச்சியின் நிழல் எதுவரை போகிறது என்று கூழாங்கல் வைத்து அடையாளம் செய்துகொண்டிருந்தது. டீச்சர் அளவுகோலைக் கீழே வைத்துவிட்டு அதன் எதிரே சப்பணமிட்டு உட்கார்ந்தார். இவர் பார்க்க அது அளந்தது. அதற்கு எழுத்துத் தெரியாது, எண் தெரியாது; குச்சியும் கல்லும் மட்டும் தெரியும். அது வைத்த முதல் கல்லிலிருந்து தன் கையிலுள்ள அளவுகோல் வரைக்கும் இடையில் ஒரு கைகூட விட்டுப்போகாமல் வந்திருக்கிறதே என்று, யாரிடம் என்றில்லாமல், மெதுவாகச் சொல்லிக்கொண்டார்.

இதெல்லாம் சரிதான். பொழுது உடைமரத்துக்குள் இறங்குகிற அந்தக் கடைசி நேரத்தைத்தான் பிரம்மசக்தியால் பார்க்கச் சகிக்கவில்லை.

அப்போது எல்லார் நிழலும் ஒரே மாதிரி ஆகிவிடும். கையில் கல்லில்லை, நெருப்பில்லை, ஒன்றுமில்லை. ஒரு கூட்டம், வரிசையாக, கடலைப் பார்த்து நடந்துகொண்டிருக்கும். நிழல் அவ்வளவு நீளத்துக்கு இழுபட்டிருக்கும், தலைகள் கடல் தண்ணீருக்குள் கிடக்கும், எது ஆண் எது பெண் என்று தெரியாது. உலகத்திலேயே நிமிர்ந்து நடந்த முதல் ஆட்கள் இவர்களாகத்தான் இருக்கும் என்று எமிலி டீச்சர் சொன்னார். அந்த நேரத்தில் தாரிகாவின் சாக்கில் நிழல் இருக்காது. பிள்ளை உட்கார்ந்திருப்பாள், பக்கத்திலிருக்கும் தண்ணீர்ச் செம்புக்குக்கூட நிழல் விழும், அவளுக்கு விழாது.

"அந்தக் காலத்துல புலி வரும், பாம்பு வரும். நடக்க மாட்டாத பிள்ளைய வச்சிக்கிட்டு என்ன செய்வாவ? விட்டுட்டுத்தான் போயிருப்பாவ," என்று முத்துப்பேச்சி சொல்லிவிட்டு, சொன்ன பிறகு நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

பிரம்மசக்தி டீச்சரைப் பார்த்தாள்.

"எனக்குத் தெரியலம்மா," என்றார் டீச்சர். "தெரியாததைத் தெரிஞ்ச மாதிரி சொல்ல மாட்டேன். நிழல் இல்லைங்கிறது தெரியுது. பிள்ளை இல்லைங்கிறது தெரியல."

பிரம்மசக்தி அந்தச் சொல்லைப் பிடித்துக்கொண்டுதான் தினமும் பிள்ளையைத் தனியாக உட்காரவைத்துப் பார்த்தாள். சாக்கை இந்தப் பக்கம் போட்டாள், அந்தப் பக்கம் போட்டாள். கடைசிப் பொழுதில் ஒருநாளாவது ஒரு சின்ன நிழல் விழாதா என்று பார்த்தாள். விழவில்லை.

அவளுக்கு அது அத்தனை முக்கியமாய் இருந்ததற்குக் காரணம் உண்டு. பாத்தி மிதித்து முடிந்த மறுநாள் காலை திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து ஒரு வேன் வருவதாக இருந்தது. கன்னியாஸ்திரிகள் நடத்துகிற இல்லம், இப்படிப்பட்ட பிள்ளைகளுக்கென்றே உள்ள இடம், நல்ல இடம்தான். ஏற்பாடு செய்தவள் அவள் புருஷன் லிங்கத்துரையின் அக்கா சொர்ணக்கனி. தலையில் முடி தேய்கிற வரைக்கும் இதே அளத்தில் உப்புச் சுமந்து, இடுப்பு விட்டுப்போய், இப்போது ஊருக்குள் இட்லி விற்கிறவள். உப்பு விளைய ஆரம்பித்துவிட்டால் விடியலிலிருந்து வேலை, உப்புத்தண்ணீர் பட்டுப் பிள்ளையின் காலெல்லாம் புண். போன வருஷம் பட்டது போதாதா என்றாள். "இன்னிக்கு நாலு வயசு, இடுப்புல வச்சிக்கிடுவ. பத்து வயசுல? பதினஞ்சுல? எத்தன நாளைக்குச் செமப்ப? ஒன் இடுப்பு என்ன இரும்பா?" என்று அவள் கேட்டதில் வஞ்சமில்லை. தன் இடுப்பை நினைத்துத்தான் கேட்டாள்.

லிங்கத்துரை லாரியில் மூட்டை ஏற்றுகிறவன். பிள்ளை தூங்கும்போது அவள் பாதத்தைத் தன் உள்ளங்கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பவன். அவனும் கடைசிப் பொழுதில் அந்தச் சாக்கைப் பார்த்திருந்தான். "ஆதியிலயே அப்படித்தான் போலிருக்கு, பிரம்மு," என்றான், அவள் முகத்தைப் பார்க்காமல். அவள் வேண்டாம் என்றும் சொல்லவில்லை, சரி என்றும் சொல்லவில்லை. ஆதியிலேயே ஒருத்தி இறக்கி வைத்துவிட்டுத்தான் நடந்தாள் என்றால், தான் மட்டும் எந்தத் தைரியத்தில் வேண்டாம் என்பது?

மழை பிந்தியதால் பாத்தி மிதிப்பதும் பிந்திப்போனது. விடியலில் மட்டும் மிதித்து மாளாது, சாயங்காலமும் இறங்க வேண்டும் என்றார்கள். பாத்தி மிதிப்பதைப் பார்க்காதவர்களுக்குச் சொல்ல வேண்டும்: ஈரக் களிமண்ணில் ஆணும் பெண்ணும் தோளில் தோள் கைபோட்டு வரிசையாக நின்று, தாளம் தப்பாமல் இரண்டு காலாலும் மிதித்து மிதித்து, அங்குலம் அங்குலமாக முன்னே போய்த் தரையை இறுக்க வேண்டும். தரை இறுகினால்தான் உப்பு வெள்ளையாக இறங்கும். மிதிக்கிறவர்கள் கடலைப் பார்த்துத்தான் மிதிப்பார்கள். கடலுக்கு முதுகு காட்டி மிதித்த பாத்தியில் உப்பு கசக்கும் என்பது அளத்துப் பேச்சு. விடியலில் சூரியன் முகத்தில் அடிக்கும். நிழல் பின்னால், மிதித்த தரையில் கிடக்கும். சாயங்காலம் இறங்கினால் நிழல் முன்னால், மிதிக்காத ஈரத்தில் விழும் என்பதை யாரும் யோசிக்கவில்லை. யோசித்திருந்தாலும் கடலுக்கு முதுகைத் திருப்பியிருக்க மாட்டார்கள்.

சாயங்காலம் இறங்கிய முதல் நாள் அது, கடைசிப் பாத்தி. பாதிவரை மிதித்து வந்தபோது பொழுது உடைமரத்தைத் தொட்டது. தாரிகா பின்னால் மேற்கு வரப்பில் சாக்கில் இருந்தாள். பிரம்மசக்தி வரிசைக்குள் இருந்ததால் அன்று திரும்பிப் பார்க்க முடியவில்லை. முன்னால் மட்டும்தான் பார்த்தாள். எல்லார் நிழலும் நீண்டன, கையிலிருந்ததையெல்லாம் விட்டன, வரிசையாக நடக்கத் தொடங்கின. யாருடைய காலும் படாத அந்த ஈரக் களிமண்ணில் சளக், சளக் என்று சத்தம் கேட்டது. மிதித்துக்கொண்டிருந்தவர்கள் கால்களை நிறுத்தினார்கள். சத்தம் நிற்கவில்லை. அது அவர்களுக்கு முன்னால், அவசரமில்லாமல், கடலைப் பார்த்துப் போய்க்கொண்டே இருந்து, வெளிச்சம் போனதும் அடங்கியது. மிச்சப் பாதியைக் காலையில் பார்த்துக்கொள்வோம் என்று கரையேறினார்கள்.

பாத்தி முடியாவிட்டாலும், சொன்ன நாள் தப்பாமல் காலையில் வேன் வந்தது. பிரம்மசக்தி பிள்ளையைக் குளிப்பாட்டி, பவுடர் போட்டு, கோயில் கொடை விழாவுக்கு எடுத்த கவுனை மாட்டியிருந்தாள். லிங்கத்துரை தகரப்பெட்டியைத் தோளில் வைத்திருந்தான். எல்லாரும் ஏறி, சொர்ணக்கனி முன்சீட்டில் உட்கார்ந்து, வேன் அளத்து ரோட்டில் திரும்பும்போது, கங்காணி நம்பிராஜன் கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு ரோட்டின் நடுவில் நின்றார். அவர் எதற்கும் வேகமாக நடந்து யாரும் பார்த்ததில்லை. அன்று ஓடிவந்திருந்தார், மூச்சு வாங்கியது.

"எல்லாரும் எறங்கி வாங்க," என்றார். "கடைசிப் பாத்திக்கு."

மிதிக்காத பாதியில், வரப்பிலிருந்து வரப்பு வரை, காலடிகள். யார் காலும் அல்ல. சின்னக் கால்கள், அகலமான பாதங்கள், செருப்பு என்று ஒன்றை அறியாத விரல்கள் விசிறி மாதிரி விரிந்திருந்தன. பெருவிரல் மண்ணைக் கெட்டியாகப் பிடித்திருந்தது, நடை என்பதையே அப்போதுதான் கற்றுக்கொண்டவர்கள்போல. வரப்பில் நின்ற கூட்டத்தில் சிலர் கும்பிட்டார்கள். எமிலி டீச்சர் செருப்பைக் கழற்றினார்.

சொர்ணக்கனி முதலில் முணுமுணுத்தாள், நேரமாகிறது என்றாள். பிறகு குனிந்தாள். இருபத்தைந்து வருஷம் வழுக்கும் வரப்பில் முன்னே போகிறவளின் காலடியில் காலை வைத்து நடந்தவள் அவள். யார் நிறைகூடையோடு போனாள், யார் வெறுங்கூடையோடு திரும்பினாள் என்பது காலடியைப் பார்த்தாலே அவளுக்குத் தெரியும். வரப்போரமாகவே நடந்தாள். கூட்டம் அவள் பின்னால் நடந்தது. ஒரு காலடியில் நின்றாள்.

"இவ செமந்திருக்கா," என்றாள். "தலைச்சொமை இல்ல. தலைச்சொமைன்னா ரெண்டு காலும் ஒண்ணுபோலப் பதியும். இது எடது காலு மட்டும் அமுங்கியிருக்கு. இடுப்புல வச்சிருக்கா."

அவள் இன்னும் கொஞ்ச தூரம் போனாள். அங்கே இரண்டு பேரின் காலடிகள் ஒன்றையொன்று பார்த்துத் திரும்பி நின்றிருந்தன. அதற்குப் பிறகு அந்த முதல் காலடி லேசாகிவிட்டது. பக்கத்திலிருந்த இன்னொன்று ஒருபக்கமாக அமுங்க ஆரம்பித்தது.

"இங்க கைமாத்தியிருக்கா."

மறுபடி நடந்தாள், மறுபடி நின்றாள். "ஏல லிங்கம், இங்க வா. இது ஆம்பளக் காலு. இதுலயும் அமுங்கியிருக்கு, பாரு."

லிங்கத்துரை தகரப்பெட்டியைக் கீழே வைத்துவிட்டு வந்து, தன் பெரிய பாதத்தை அந்தக் காலடிக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தான். அது இவன் காலில் முக்கால்கூட இல்லை. ஆனால் அமுங்கிய ஆழம் ஒன்றாக இருந்தது.

சொர்ணக்கனி கிழக்கு வரப்பு வரைக்கும் போனாள். எங்கேயாவது ஒரு குழிவு, ஒரு சின்ன உட்காரல், ஒரு சாய்வு இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டே போனாள். திரும்பி வந்தபோது அவள் குரல் இட்லி விற்கிற குரலாக இல்லை.

"எறக்கி வைக்கவே இல்ல," என்றாள்.

அப்போதுதான் பிரம்மசக்திக்குப் புரிந்தது. பிள்ளையைத் தனியாக உட்காரவைத்து, தனியாக ஒரு நிழலைத் தேடினோம். இடுப்பிலிருக்கிற பிள்ளைக்கு ஏது தனி நிழல்? அவள் வாய்விட்டு அழவில்லை. மதினியைப் பார்த்து, "எத்தன நாளைக்குன்னு கேட்டியளே," என்று ஆரம்பித்தாள்.

"கேட்டேன். வாய வச்சிக்கிட்டுச் சும்மா இருக்க மாட்டாம கேட்டேன்," என்றாள் சொர்ணக்கனி. பிறகு வேன்காரரைப் பார்த்து, லாடமுத்து கடையில் ஒரு டீ குடித்துவிட்டுப் போங்கள், ஆள் வரவில்லை என்று சிஸ்டரிடம் சொல்லிவிடுங்கள் என்றாள். சொல்லிவிட்டு, விட்டுப்போன இடுப்பைக் கொஞ்சம் சாய்த்து, பிள்ளையைத் தம்பி பெண்டாட்டி கையிலிருந்து வாங்கி வைத்துக்கொண்டாள். லிங்கத்துரை தகரப்பெட்டியைத் திறந்து காலிப்பரை எடுத்து, வார் உராய்கிற இடத்தில் தன் துண்டின் ஓரத்தைக் கிழித்துச் சுற்றிக்கொண்டிருந்தான். கட்டினான். நழுவியது. அவிழ்த்தான், மறுபடி கட்டினான்.

அந்தக் காலடிகளை அப்படியே வைத்துக்கொள்ள வேண்டும் என்று டீச்சர் ஆசைப்பட்டார். முதலாளிகூட வேலி போடலாம் என்றார். ஆனால் உப்பு யாருக்காகவும் காத்திருக்காது, பாத்தியைப் பாதியில் விட்டால் மிதித்த பாதியும் வெடித்துப்போகும். கடைசியில் கங்காணிதான் சொன்னார், அவுக நடந்தது நாம நிக்கதுக்கு இல்ல என்று. அன்று பகலெல்லாம் பார்க்க வருகிறவர்கள் பார்க்கட்டும் என்று விட்டு, சாயங்காலம் எல்லாரும் பாத்தியில் இறங்கினார்கள். தோளில் தோள் கைபோட்டார்கள். டீச்சரும் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு வரிசையில் சேர்ந்தார். கடலைப் பார்த்து மிதித்தார்கள். பழைய காலடியின் மேல் புதுக் காலடி, அதன் மேல் இன்னொன்று என்று அந்தத் தரை இறுகிக்கொண்டே போனது.

பொழுது நாலு பனைக்கு இறங்கி, மூன்றுக்கு இறங்கி, இரண்டுக்கு இறங்கி, உடைமரத்தைத் தொட்டது. நிழல்கள் கையிலிருந்ததை விட்டன, நீண்டன, நடந்தன. பிரம்மசக்தி அன்று துணிந்து திரும்பி மேற்கு வரப்பைப் பார்த்தாள். சாக்கில் நிழல் இல்லை. சாக்கில் பிள்ளையும் இல்லை. வரிசையில் எங்கேயோ காலிப்பர் கம்பி ஒருமுறை மின்னியது, தாரிகா சிரிப்பது கேட்டது, யாரோ ஒருவருடைய இடது கால் மட்டும் களிமண்ணில் கொஞ்சம் கூடுதலாக அமுங்கியது.